வாய் திறக்காத வாக்கு

அவள் பெயரை வாசித்ததும் அரங்கம் 'ம்ம்' என்றது.

நல்ல சத்தம்தான். பின்வரிசையிலிருந்துகூட வந்தது.

ஆனால் இடப்பக்கம், முழங்கை இடிக்கும் தூரத்தில், ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே சம்பத் உட்கார்ந்திருந்தார்.

இணையம் எப்படி நடக்க வேண்டும் என்று பேசுகிற இணைய ஆளுகைச் சங்கத்தின் கோவைக் கிளையில் கை தூக்கும் வழக்கம் கிடையாது. சீட்டும் கிடையாது. தலைவர் பதவிக்கு நிற்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். வேண்டும் என்கிறவர்கள் உதட்டைப் பிரிக்காமல் 'ம்ம்' என்று ஒலி எழுப்ப வேண்டும். எந்தப் பெயருக்குச் சத்தம் அதிகமோ அவர் தலைவர். இணையத்தைக் கட்டிய பொறியாளர்கள் தொடங்கிவைத்த பழக்கமாம். வாய் மூடியே இருப்பதால் யார் யாருக்குச் சொன்னார்கள் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பார்த்துத்தானே முடியாது.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து நாற்காலிக்காரர் மூச்சு விடுவது யாருக்கும்தான் கேட்கும். மற்றவர்கள் மேடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

சம்பத்துக்குத் தொண்டை கட்டியிருக்கும். காலையில்கூட இருமினாரே.

இருமினாரா?

தேர்தலில் நிற்கச் சொன்னதே அவர்தான். ஆறு மாதமாக விடவில்லை. "நீங்க நில்லுங்க மேடம், மிச்சத்த நான் பாத்துக்கறனுங்க."

அவளுக்கும் ஆசை இருந்தது. கிளையின் தலைவர்தான் டெல்லியில் அரசுக் குழுவின் முன்னால் உட்கார்ந்து பேச முடியும். போன மாதம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி டோக்கன் போடக் கணினி முன் உட்கார்ந்தாள். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றது. எது எதற்கான பட்டன் என்று அதற்கே தெரியவில்லை. கடைசியில், படத்தில் தெரியும் எழுத்துகளை அடிக்கச் சொன்னது. டோக்கன் கிடைக்கவில்லை. "பரவால்ல சாமி" என்றாள் அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

பரவாயில்லையாமா? அவளுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதை டெல்லியில் போய்ச் சொல்ல வேண்டும்.

அடுத்த பெயரை வாசித்தார்கள். பேராசிரியர் ஞானவடிவேல். இரண்டு முறை தலைவராக இருந்தவர். இரண்டு முறையும் டெல்லிக்குப் போய் இணைய வேகத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தவர்.

'ம்ம்.'

இடப்பக்கத்திலிருந்து வந்தது. மூக்கில் புறப்பட்டு, முடியும்போது லேசாக மேலே ஏறியது. போனில் அவள் எதைக் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் சம்பத் இழுக்கிற அதே 'ம்ம்'.

அவள் தன் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டும் சமமா இருக்குதுங்க," என்றார் மேடையில் தேர்தலை நடத்திய ஆல்பர்ட். "இன்னொருக்கா வாசிக்கறேன். அக்கம்பக்கம் பாக்காம எல்லாரும் கண்ண மூடிக்கங்க."

யாரோ சிரித்தார்கள். யாரோ 'உஷ்' என்று அடக்கினார்கள். அவளை நினைத்துத்தான்.

சம்பத் அவள் பக்கம் சாய்ந்தார். "பயப்படாதீங்க மேடம். நம்ம பக்கந்தான் சத்தம் ஜாஸ்தி."

பேராசிரியருக்கு ஏன் சொன்னீர்கள் என்று கேட்டுவிடலாமா?

கேட்டால் இந்த முறை அவளுக்குத்தான் சொல்வார். வெட்கப்பட்டாவது சொல்வார். சமமாக இருக்கும்போது ஒரு குரல் போதும். அவள் தலைவர். டெல்லி. ஆஸ்பத்திரி பட்டன்கள்.

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அரங்கம் முழுக்கக் கண்களை மூடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவர் தன் இஷ்டப்படி சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுக்கிறார்கள். அவள் எதை மூடி விட்டுக்கொடுப்பது?

"மொதப் பேரு வாசிக்கறனுங்க," என்றார் ஆல்பர்ட்.

அவள் ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் காதுக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தன் நாடித்துடிப்பு மட்டும் கேட்டது.

இப்போது அவள் பெயர் போய்க்கொண்டிருக்கும். இப்போது பேராசிரியர் பெயர். அல்லது இன்னும் அவள் பெயரேதானோ?

அவளே தனக்கு 'ம்ம்' சொல்லாமல் இருந்துவிட்டது உறைத்தது. இரண்டு முறையும்தான். அடி முட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

விரல் வழுக்கியது. எடுத்துவிடலாம், எடுத்துவிடலாம் என்று மனசு அரித்தது. எடுக்கவில்லை.

இடது தோளில் ஒரு கை விழுந்தது.

அந்தப் பக்கத்து விரலை மட்டும் எடுத்தாள்.

"ஜெயிச்சிட்டோமுங்க மேடம்!"

பின்னாலேயே கைதட்டல் வந்து மோதியது. அம்மாவை நினைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குள்ளேயே, சம்பத்தின் குரலை மறுபடி ஓட்டிக் கேட்டாள். தழுதழுத்த குரல். அதில் பொய்யைத் தேடினாள். எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மேடைக்குக் கூப்பிடறாங்க. என் முழங்கையப் புடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்ததும் அவர் நின்றார்.

"படிங்க."

"எத்தனை?"

"ம்ம்… மூணுங்க."

மூன்றுதானா என்று கேட்காமல் அவள் காலைத் தூக்கினாள்.