காலிக் கட்டிலில் குறட்டை

இரவுக் காவலாளியான கணவர் பகலில் தூங்குகையில் குறட்டை நின்றால், மூச்சும் நின்றிருக்கும். மனைவி தோளில் தட்டுவாள், மூச்சு திரும்பும். பதினொரு வருடம் இப்படியே ஓடியது.

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தபின் சத்தமின்றித் தூங்கினார். நான்காம் நாள் அவர் மேசையருகே உட்கார்ந்து ஆறிய பால் குடிக்கையில், காலிக் கட்டிலில் அதே குறட்டை கேட்டது.

"கேக்குதாங்க?"

"என் குறட்டையை நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"

குறட்டை நின்றது. நாற்பதுவரை எண்ணியும் திரும்பவில்லை. "யாரா இருந்தாலும் மூச்சு வரட்டும், சாமி" என்று அழுதபடி, தோள் இருக்கவேண்டிய இடத்தில் தட்டினாள். வெதுவெதுப்பாக ஏதோ கையில் பட்டது. குறட்டை திரும்பியது.

இரண்டு நாளாக அவள் கட்டிலருகிலிருந்து எழவில்லை. மூன்றாம் நாள் அவர் அவளைச் சோபாவில் படுக்கவைத்தார்.

"நின்னா உங்களுக்குக் கேக்காதே?"

"கேக்காது. அதனால விடாம தட்டிட்டே இருக்கேன். நீ தூங்கு."