என் குரல் இருந்த ஃபோல்டர்

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும் செல்வி?" என்று முதலாளி தீனதயாளன் மறுபடியும் கேட்டபோது, கீபோர்டைத் தூக்கி அவர் மேலேயே போட்டிருப்பேன். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் தானாகச் செய்யவேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்லும் ஸ்கிரிப்டைத் தட்டினேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருக்கிறது அவருடைய ரெக்கார்டிங் ஸ்டுடியோ. ஆட்டோவில் மைக் கட்டிப் போகிற அறிவிப்பெல்லாம் இங்கேதான் தயாராகும். கடைத் திறப்பு விழா, கும்பாபிஷேகம், கல்வராயன் மலைக்கு ஜீப்பில் போகும் மருத்துவ முகாம் அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் குரல் நான்தான். கம்ப்யூட்டர் வேலையும் நான்தான்.

இன்று புது கம்ப்யூட்டர் வந்திருந்தது. பழையதில் உள்ள ஆடியோ சாஃப்ட்வேர்களைக் கையால் அள்ளிப்போட முடியாது. ஒன்றை விட்டால் இன்னொன்று ஓடாது. அதற்குத்தான் ஸ்கிரிப்ட். முதலில் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுக்கும். அப்புறம் பழையதிலிருந்து சுத்தமாக நீக்கும். கடைசியில் புதியதில் இறக்கிவைக்கும். நாற்று பிடுங்கி நடுகிற மாதிரிதான்.

பிடுங்க வேண்டிய பட்டியலில் ஒரு ஃபோல்டருக்கு என் பெயர் வைத்திருந்தார். செல்வி.

நேற்று சாயங்காலம் வடக்கனந்தலில் எங்கள் தெருவுக்குள் ஓர் ஆட்டோ வந்தது. மைக்கில் என் குரல். யாரோ ஒரு பெரியவர் காலமானார் என்று ஆழ்ந்த வருத்தத்தோடு சொல்லிக்கொண்டே போனது.

நான் படிக்கவே இல்லை. சத்தியமாகப் படிக்கவில்லை. மாசமாக இருப்பவள் சாவு வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்பார்கள் எங்கள் வீட்டில். சாவுச் சேதியை வாயால் சொல்வதாவது! பிள்ளை தங்கியது தெரிந்த அன்றே தீனதயாளனிடம் சொல்லிவிட்டேன். அவரும் நல்ல பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார்.

என் மாமியார் பெரியநாயகி முறத்தை அப்படியே கீழே போட்டார்.

"வயித்துல புள்ளய வெச்சிக்கினு இன்னா காரியம்டி பண்ணிக்கிற? இந்த வாய்க்கு வளகாப்பு ஒரு கேடா? என் கையால ஒரு வளையல் போட மாட்டேன், பாத்துக்கோ."

"அது நான் இல்ல அத்த. மிஷினு. என் கொரல புடிச்சி வெச்சிக்கினு அதுவா பேசுது."

"மிஷினு எங்கனா உன் வாயால பேசுமா?"

என் வீட்டுக்காரர் இளவரசன் சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, எனக்காக ஒரே ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் திட்டியதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆடி மாதம் புது மைக்கைச் சோதிக்கிறேன் என்று தீனதயாளன் என்னை நாள் முழுக்க எதையெதையோ படிக்கவைத்தார். சென்னையிலிருந்து ஒருத்தன் வந்து பதிந்துகொண்டு போனான். எதற்கென்று நேற்றுதான் எனக்கு உறைத்தது. காலையில் வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"ஒன் நல்லதுக்குதாம்மா பண்ணேன். நாளைக்கு நீ பிரசவத்துக்குப் போனாகூட வேல நிக்காது பாரு" என்று சிரித்தார்.

சிரிக்கிறார்! யாரைக் கேட்டுச் செய்தார்? என் தொண்டை என்ன இவர் அப்பன் வீட்டுச் சொத்தா?

என் குரலில் பேசும் அந்த மிஷின் இருந்ததே செல்வி ஃபோல்டரில்தான். ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். பேக்கப்பில் செல்வி வேண்டாம். நீக்குவதில் செல்வியும் உண்டு.

என்டரைத் தட்டினேன். திரையில் வரிகள் ஓடின. என் பெயர் வந்தது, போனது. நேற்றிலிருந்து கொதித்த நெஞ்சு அப்போதுதான் கொஞ்சம் ஆறியது.

புது கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த தீனதயாளனுக்கு முகம் வெளுத்தது.

"செல்வி எங்க?"

"இதோ, உங்க எதுர்லதான் குந்திக்கினு இருக்கேன்."

பழையதில் தேடினார். ஹார்டு டிஸ்க்கில் தேடினார். "அடிப்பாவி, அந்தச் சென்னைக்காரன் ஃபோனே எடுக்கறதில்ல. வேற காப்பியே கெடையாதும்மா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நன்றாக உட்காரட்டும் என்று நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கதவைத் திறந்தால் மாமியார். படி ஏறிய இளைப்பு அடங்காமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இளவரசன்.

"நீ வேலைக்குக் கெளம்புனதுலருந்து இவன் ஒரே சண்ட. அவ பொய் சொல்ல மாட்டா, நீ வந்து காதால கேளு, கேளுன்னு உசுர வாங்கிட்டான்" என்றார் மாமியார். "வளையல்காரனுக்கு இன்னும் வாணாம்னு சொல்லல. எங்க, அந்த மிஷின ஒரு வாட்டி பேச வுடு. கேட்டுட்டேன்னா நேரா வளையல் கடைக்குதான் போறோம்."

இளவரசன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நேற்றிலிருந்து நான் ஏங்கிக் கிடந்த சிரிப்பு.

தீனதயாளன் எழுந்தார். தன் நாற்காலியையே மாமியாருக்கு இழுத்துப்போட்டார்.

"ஒக்காருங்கம்மா. ஒங்க மருமவளே போட்டுக் காட்டுவாங்க."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேசையில் கிடந்த ஹெட்ஃபோனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ம், பேசச் சொல்லு" என்றார், காது அடைத்திருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே.