கயிற்றின் மேல்முனை

அவனுக்கு இடுப்பு உளைந்தது. காலையில் தின்ற பாண் துண்டு எப்போதோ கரைந்துவிட்டது.

இந்த ஆளையும் மேலே எடுத்துவிட்டால் சோறு.

முப்பதடிக் கிணறு. கயிற்றில் கட்டிய பலகையில் குந்தியபடி சந்தனம் ஏறிக்கொண்டிருந்தான். பாதி தூரம் வந்தாயிற்று. சந்தனத்துக்குக் கீழே, காலையிலிருந்து அவனே உடைத்துப் போட்ட பாறைத் துண்டுகள். கூர் மேலே பார்க்கக் கிடந்தன.

கிணற்றின் மேல் முக்காலியாக நட்ட மரங்கள். அதில் கப்பி. கப்பியால் வந்த கயிற்றின் இந்த முனையை மேலே நின்று இழுத்தபடி அவனும் குணமும்.

“உவன் உடைச்ச கல்லையும் திண்டுபோட்டுத்தான் ஏறுறான் போல,” என்றான் குணம். “என்ன பாரமடா இது!”

அப்போது சத்தம்.

காதில் விழவில்லை. முதலில் நெஞ்செலும்பில் விழுந்தது.

தெற்கே, காட்டுக்கு அந்தப் பக்கம். நனைந்த கனத்த சீலையைக் கல்லில் அடித்துத் துவைப்பதுபோல. அடி மேல் அடியாக. நெருங்கி நெருங்கி.

ஹெலி.

சண்டை முடிந்து வருடக் கணக்காகிவிட்டது. இப்போது அது பெரிய அதிகாரிமாரை முகாமுக்கு ஏற்றி இறக்குகிறது. அவ்வளவுதான். அது அவனுக்குத் தெரியும். குணத்துக்கும் தெரியும்.

குணம் கயிற்றை விட்டான்.

விட்டது குணத்துக்கே தெரியாது. குப்புற விழுந்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்தி, மண்ணோடு மண்ணாகக் கிடந்தான்.

சந்தனத்தின் முழுப் பாரமும் அவன் ஒருவன் கைக்கு வந்தது.

கயிறு உருவிக்கொண்டு ஓடியது. உள்ளங்கைத் தோலும் அதோடு போயிற்று. குதிகாலை மண்ணில் குத்தி, பின்னால் சாய்ந்து, ஒருவாறு நிறுத்தினான்.

கிணற்றுக்குள்ளிருந்து சிரிப்பு.

“என்னாண்ணே, என்னயத் தொங்கவிட்டுட்டு மேல சாயத்தண்ணி குடிக்கிறீங்களா?”

சந்தனம் மலையகத்துத் தோட்டத்திலிருந்து கல்லுடைக்க வந்தவன். அந்தச் சத்தத்தில் அவனுக்குப் பயப்பட எதுவுமில்லை.

“அண்ணே, ஹெலிகாப்டருண்ணே! எங்க ஊருப் பக்கம் இவ்ளோ தாழ வராது!”

பார்க்க எட்டினான் போல. பலகை ஆடியது. ஒவ்வொரு ஆட்டமும் மேலே நின்றவனின் தோள்மூட்டைப் பிடித்து இழுத்தது.

சண்டைக் காலத்தில் ஒருநாள், வேறொரு கிணற்றில், இப்படிப் பலகையில் தொங்கியது அவன். மேலே கயிற்றைப் பிடித்து நின்றவன் செபமாலை.

கிணற்றுக்குள் இருப்பவனுக்கு ஹெலி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியாது. சத்தம் உள்ளே இறங்கி, சுவரெல்லாம் சுற்றும். வானம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. அந்தத் தட்டில் செபமாலையின் தலை ஒரே ஒரு முறை தெரிந்தது.

“ஆடாம இரடா.”

தலை போய்விட்டது.

பிறகு சுடுகிற சத்தம். மண் பொலபொலவென்று தலையில் கொட்டியது. எங்கோ மாடு ஒன்று கதறியது. பலகை மட்டும் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு கூப்பிட்டான். பதில் இல்லை. கயிற்றைப் பிடித்துச் சுவரில் காலை ஊன்றி ஏறினான்.

கிணற்றடிப் பனையைச் சுற்றிக் கயிறு இரண்டு சுற்று. மேலே முடிச்சு. அவசரத்தில் போட்ட முடிச்சு இல்லை அது. இழுத்து, இறுக்கிப் பார்த்துப் போட்டது.

பனையடியில் செபமாலை கிடந்தான்.

பதுங்குகுழி பக்கத்தில்தான் இருந்தது. முடிச்சுப் போட்ட நேரத்துக்கு ஓடிப்போய்க் குதித்திருக்கலாம்.

இன்று, இங்கே பனை இல்லை. புல்டோசர் வழித்தெடுத்த காணி. கயிற்றைச் சுற்ற ஒரு குற்றிகூட இல்லை.

ஹெலியின் நிழல் வேலியைத் தாண்டி வந்தது.

புழுதி எழும்பியது. கப்பி மரங்கள் நடுங்கின. குணம் தரையோடு இன்னும் பதிந்தான். சத்தம் இப்போது தலைக்குள் நின்று அடித்தது. உடம்பு முழுக்க ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

அதைத் தன் கையைப் பார்த்துச் சொன்னான். வாய்விட்டே சொன்னான்.

“விடு.”

இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஹெலி வடக்கே போய்த் தேய்ந்தது.

குணம் எழும்பினான். உதட்டில் மண். எங்கே கிடக்கிறோம் என்று விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் பாய்ந்து வந்து கயிற்றைப் பற்றினான். இரண்டு பேரும் பின்பக்கமாக நடந்து நடந்து சந்தனத்தை மேலே எடுத்தார்கள்.

சந்தனம் கிணற்று விளிம்பில் காலை வைத்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான். கயிற்றில் இரத்தத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“நான் விழுந்திட்டன், சந்தனம்,” என்றான் குணம். “என்னை அறியாமல் விழுந்திட்டன். இவன்தான் விடேல்லை. தனிய நிண்டு பிடிச்சவன்.”

சந்தனம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் கூப்பினான்.

“எம்புள்ளைங்க ஒங்க பேரச் சொல்லும்ணே.”

அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான்.

கயிறு இன்னும் அவன் கைக்குள்ளேயே இருந்தது. விரல்கள் மடங்கி, விறைத்து, கட்டைபோலாகிவிட்டன. திறந்து பார்த்தான். திறக்கவில்லை. குணம் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிட்டான். கடைசி விரல் நிமிர்ந்த பிறகுதான் கயிறு விழுந்தது.

செபமாலை ஓட வழியிருந்தும் நின்று முடிச்சுப் போட்டவன்.

இங்கே அவன் ‘விடு’ என்றுதான் சொன்னான்; விரல் விறைத்துப்போயிற்று. நடந்தது அவ்வளவுதான்.

செபமாலைக்குக் கொடுக்க வேண்டியது ஓர் உயிர். இன்றைக்கும் கொடுபடவில்லை.