காரை மறித்த ஏட்டு

நகராட்சித் தலைவியின் காரையே ஏட்டு மறித்துவிட்டார்.

"தெரு முனையில ரோடு உள்வாங்கியிருக்கும்மா. தெற்கால சுத்திப் போய், அங்கிருந்து நடந்து வந்துடுங்க."

முனையிலேயே கடை வைத்திருக்கும் சைக்கிள் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. ரோடு கல்லு மாதிரி கிடந்தது. 'மாட்டிக்கிட்டான்' என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கு ஏட்டைக் கண்டாலே ஆகாது. புதிதாகக் கட்டிய சாக்கடைக்கு மூடி போடாமல் விட்டதில் அவர் மனைவி விழுந்து கால் உடைந்தது. காண்ட்ராக்டர் மேல் புகார் கொடுக்கப் போனால், "இதுக்கெல்லாம் கேஸ் எழுத முடியாது, போங்க" என்று திருப்பி அனுப்பியவர் இதே ஏட்டுதான்.

சாக்கடை வேலையைப் பார்வையிட வருகிறவர்கள் எப்போதும் இந்த முனையில்தான் இறங்குவார்கள். இங்கே மட்டும் எல்லா மூடியும் ஒழுங்காக இருக்கும். காண்ட்ராக்டர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, ஜூஸ் குடித்து, திருப்தி என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இன்று தலைவி தெரு முழுக்க நடந்து வந்தார். செருப்பெல்லாம் சேறு.

"பாதித் தெருவுக்கு மூடியே இல்ல. ஒரு இடத்துல நானே விழப் பார்த்தேன். மொத்தத்தையும் சரி பண்ணாம உங்க பில்லுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் காண்ட்ராக்டரிடம்.

காண்ட்ராக்டர் முகம் செத்துவிட்டது. கோபம் ஏட்டின் மேல் திரும்பியது.

"அதிருக்கட்டும்மா. ரோடு உள்வாங்கியிருக்குன்னாரே, எங்க உள்வாங்கியிருக்கு? நீங்களே பாருங்க. இதை நீங்கதானே எஸ்.பி.கிட்ட சொல்லணும்?"

தலைவி ஏட்டைப் பார்த்தார்.

"காலையில பள்ளம் இருந்ததும்மா. மண்ணு போட்டு மூடியாச்சு" என்றார் ஏட்டு. குரல் இறங்கியிருந்தது.

தலைவி சைக்கிள் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, காலையிலிருந்து இங்கதானே இருக்கீங்க. பள்ளம் இருந்துச்சா?"

ஏட்டு அவரையே பார்த்தார். கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது. அதுவே அவருக்கு இனித்தது.

"பள்ளமும் இல்ல, பல்லாங்குழியும் இல்லம்மா. அவரு வாயில வந்ததைச் சொல்றாரு."

தலைவி பெருமூச்சு விட்டார். "பொய் சொல்லி வழியை மறிச்சா நான் என்ன பண்றது? எஸ்.பி.கிட்ட இப்பவே பேசறேன். விசாரணை முடியற வரைக்கும் உங்களுக்கு வேலை இருக்காது."

ஏட்டு ஒரு சல்யூட் அடித்துவிட்டு நடந்தார்.

அன்று கடைக்காரர் சீக்கிரமே கடையைச் சாத்தினார். மாவுக்கட்டுக் காலை நீட்டிப் படுத்திருந்த மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

"உன் காலுக்குக் கேஸ் எழுத மாட்டேன்னானே, அவன் சீட்டைக் கிழிச்சுட்டு வந்திருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை.

"நேத்து அவரு இங்க வந்திருந்தாருங்க. 'கேஸ் போட்டா காண்ட்ராக்டர் ஒரே நாள்ல உடைச்சுடுவான்மா. நீ எந்த இடத்துல விழுந்தேன்னு சொல்லு, தலைவியை அந்த வழியாவே நடக்க வைக்கிறேன்'னாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரிஞ்சா கடைக்கு வர்றவன்கிட்ட எல்லாம் அவரை ஆகா ஓகோன்னு புகழ்ந்தே காரியத்தைக் கெடுத்துடுவீங்களாம்."