தீட்டு நின்றவள்

ஜெயம்மா ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"நான் வரல. தூரமாயிட்டேன்."

கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது.

படகுக்குள் கழியோடு நின்ற என் தம்பி பொன்னுரங்கம் திரும்பினான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. அவன் பெண்டாட்டிக்குத் தீட்டு நின்று மூன்று வருஷமாகிறது.

பக்கத்துப் படகுத் தாமோதரனுக்குப் புரிந்துவிட்டது. "இன்னா ஜெயம்மாக்கா, மறுபடியும் சமைஞ்சிட்டியா? தாய்மாமனுக்கு ஆள் அனுப்பு, பச்ச ஓல கட்டணுமே!"

கரை சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் படகில் அவள் ஏறியதே தீட்டு நின்ற பிறகுதான். பிள்ளைகள் துறைமுக வேலைக்குப் போய்விட்டார்கள், கழி ஊன்ற ஆளில்லை. 'நின்னுபோனவதானே, ஏறட்டும்' என்று ஊர் விட்டது. விட்டதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கூடை தூக்கி மீன் விற்ற காலத்தில் அவளிடம் நான் பார்க்காத ஒரு நிமிர்வு, படகில் நிற்கும்போது வந்துவிடும்.

போன வாரம் நடு ஏரியில், அவள் உட்கார்ந்திருந்த பலகையில் ரத்தம். புருஷன் பார்ப்பதற்குள் தண்ணீரை வாரி ஊற்றிவிட்டாள். என்னிடம் வந்துதான் அழுதாள். "படகுலேர்ந்து எறக்கிடுவாங்க அண்ணி."

நேற்று பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, கெட்டது எதுவும் இல்லை, தீட்டும் இல்லை என்றார். தீட்டு நின்றபின் உள்ளே ஈரம் வற்றி, தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோகுமாம். ஒரு டியூப் கொடுத்தார். உடம்பில் சுரப்பது குறைந்துபோன ஹார்மோன்தான் அந்த கிரீமில் இருக்கிறதாம். இரண்டு வாரம் தினமும் உள்ளே வைக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை. ஆறிவிடும் என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே நிம்மதி. தீட்டு இல்லை என்று டாக்டரே சொல்லியாகிவிட்டது. இனி அவளை யார் இறக்க முடியும்?

இன்றைக்கு எங்கள் வீட்டுப் பாடு. முகத்துவாரத்தில் இறால் வலை கட்ட ஊர் முறை வைத்துக் கொடுக்கும் நாள். அந்த நாளில்தான் இப்படிச் சொல்கிறாள். ஒருதரம் வந்தது மறுபடியும் வரும் என்பார்கள். இனி எந்நாளும் அவளைப் படகில் ஏற விடமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"எத்தினி நாளைக்கு?" என்றான் பொன்னுரங்கம்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கேக்கறேன் இல்ல?"

"தெரியல."

"நிக்கற வரைக்கும் வூட்டுக்குள்ள வராத. வலைக் கொட்டாயில படு. எம் பக்கமே வந்துடாத, சொல்லிட்டேன்." கூலிக்கு வந்த ஒருவனைக் கூப்பிட்டுக் கழியை அவன் கையில் கொடுத்தான்.

என் கையில் பதிந்திருந்த அவள் விரல்கள் அப்போது தளர்ந்தன. எவ்வளவு நேரமாக அடக்கியிருந்தாளோ, ஒரு மூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

நேற்று அவளை வெளியே அனுப்பிவிட்டு, டாக்டரம்மா என்னை மட்டும் நிறுத்தினார். நீங்கள் அவளுக்கு யார் என்று கேட்டார். நாத்தனார் என்றேன்.

"அப்ப உங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க. காய்ஞ்சதுனால மட்டும் இப்படிக் கிழியாது. வலிக்குதுன்னு அழுதும் விடலையாம். புண்ணு ஆறுற வரைக்கும் கிட்ட போகக் கூடாதுன்னு சொல்லுங்க."

தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். கூடப் பிறந்தவனிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொன்னாலும் டாக்டர் பேச்சை அவன் கேட்பானா? தீட்டு ஒன்றுக்குத்தான் அவன் பயப்படுவான். நான் சொல்லப்போவதில்லை என்று ஜெயம்மாவுக்குத் தெரிந்துவிட்டது போல.

படகு நகர்ந்தது.

முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"டேய் ரங்கா, இந்த வயசுல வந்தா லேசுல நிக்காதுடா. ரெண்டு வாரமாவது ஆவும்!"

கரை மறுபடியும் சிரித்தது. ஜெயம்மா டியூப் வைத்திருந்த இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கண் மட்டும் படகை விட்டு வரவில்லை. கூலிக்காரன் அவள் கழியைத் தப்பான பக்கம் ஊன்றிக்கொண்டிருந்தான்.