படிக்கிற மனுஷன்

வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டதும் நஞ்சுண்டன் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினார். கையில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அத்தியாயத்தைப் பிரித்துப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்ட பிறகுதான் மூச்சு விட்டார்.

மேஜை கொள்ளாமல் புத்தகங்கள். குடிநீர், காற்று மாசு, குப்பைக் கிடங்கு என்று தலைப்புக்கு ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளும் பச்சையுமாய் ஒட்டுத்தாள்கள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றுச்சூழல் இன்ஜினியர் லைசென்ஸ் பரீட்சை. நாலு வருஷமாக நஞ்சுண்டன் அதற்குப் படிக்கிறார் என்பது அமெரிக்காவில், பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் புளியோதரை வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியும்.

கீழே வாஞ்சிநாதன் குரல் கேட்டது. கோயில் சிநேகிதர். ஊரிலிருந்து உறவுக்காரர்களை இறக்குமதி செய்துகொண்டே இருப்பார். அவர்களை நாசாவுக்குக் கூட்டிப் போகும் பாக்கியத்தை மட்டும் நண்பர்களுக்கு விட்டுக் கொடுத்துவிடுவார். இந்த முறை மச்சினர் குடும்பம். லாங் வீக்கெண்ட் முழுக்க, சான் அன்டோனியோ வரை.

"அக்டோபர்ல எக்ஸாமுங்ணா" என்றாள் வசந்தாமணி. "படிக்கிற மனுஷனைப் போயி வண்டி ஓட்டச் சொல்றதுங்களா?"

மாடியில் நஞ்சுண்டன் உருகிப் போனார். அக்டோபர் என்று எப்போது சொன்னோம் என்பது அவருக்கே நினைவில்லை. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்? ரிசல்ட் என்ன ஆச்சு என்று இந்த நாலு வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் மனசு நோகுமாம். போன பிறந்தநாளுக்கு, இருப்பதிலேயே தடித்த புத்தகத்தை அவளே ஆர்டர் செய்து பரிசளித்தாள். சனி, ஞாயிறுகளில் சாப்பாடு தட்டோடு அறை வாசலுக்கே வந்துவிடும். கீழே வந்து போனால் படிப்பு கெட்டுவிடுமாம்.

அவர் மட்டும் தியாகம் செய்யவில்லையா? படிப்பு தொடங்குமுன் விடுமுறை நாட்களைச் சமையலறையில்தான் கழிப்பார். அரிசி களைவதில் எத்தனை லிட்டர் வீண், எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு, தாளிக்கிற புகையில் என்னென்ன இருக்கிறது என்று வசந்தாமணிக்கு இலவச வகுப்பு எடுப்பார். பரீட்சைக்காக அந்த இன்பத்தையும் துறந்துவிட்டார்.

"அதுக்குத்தாம்மா இவளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் கீழே வாஞ்சிநாதன். "அண்ணன் பொண்ணு வெண்பா. இதே எக்ஸாமைப் போன மாசம்தான் ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்ல கிளியர் பண்ணா. அரை மணி நேரம் கோச்சிங் குடுத்தா நம்மாளு ஃப்ரீ ஆயிட மாட்டாரு?"

கதவு திறந்தது. வெண்பா புத்தகங்களைப் பார்த்தாள். ஒட்டுத்தாள்களைப் பார்த்தாள்.

"அங்கிள், இதெல்லாம் எதுக்கு? புக்ஸை உள்ளயே விட மாட்டாங்களே. எல்லாமே ஸ்க்ரீன்லதானே?"

அடிப்படை பலமாக இருக்க வேண்டாமா என்று நஞ்சுண்டன் சமாளித்தார். அவள் விடவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்கு எவ்வளவு காற்று செலுத்த வேண்டும் என்று ஒரு கணக்கை எடுத்து, நாலு வரியில் விடை கண்டுபிடித்து, புரிகிறதா அங்கிள் என்று எல்.கே.ஜி. பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டாள்.

புரியாதவர் போல விழித்திருந்தால் தப்பித்திருப்பார். தொழிலில் தலை நரைத்தவருக்கு அது ஒன்றுதான் வரவில்லை.

"இதுக்குப் போயி எதுக்கும்மா நாலு வரி?" என்று காதிலிருந்த பென்சிலை உருவி ஒரே வரியில் முடித்தார்.

வெண்பா தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நீங்க எப்பவோ பாஸ் ஆயிட்டீங்க, இல்ல?"

நஞ்சுண்டன் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். முதல் வருஷமே ஆயிற்று. வெளியே சொன்னால் அடுத்த சனிக்கிழமையே நாசா. இந்தச் சாய்வு நாற்காலியும், போனில் ஓடும் கிரிக்கெட்டும், வாசலுக்கு வரும் தட்டும் அத்தோடு சரி. சித்தப்பாவிடம் சொன்னால்கூடப் பரவாயில்லை, ஆன்ட்டிக்கு மட்டும் தெரியவே கூடாது, நாலு வருஷமாக நம்பிச் சோறு போட்டவள் என்று கெஞ்சினார்.

"அதுதான் அங்கிள் கஷ்டமா இருக்கு. ஆன்ட்டி ரொம்பப் பாவம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நஞ்சுண்டன் பூனை மாதிரி பின்னாலேயே வந்து படி வளைவில் ஒடுங்கி நின்றார். வாஞ்சிநாதன் வெளியே வேனருகில் யாருக்கோ போனில் பயணத் திட்டம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் குழாயைத் தாராளமாகத் திறந்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வசந்தாமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

வெண்பா தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். ஆனால் முழுவதையும் சொல்லிவிட்டாள்.

நஞ்சுண்டன் படிக்கட்டுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். முணுமுணுப்பு நின்றது. குழாய் மட்டும் நிற்கவில்லை.

"தெரியுங் கண்ணு" என்றாள் வசந்தாமணி, திரும்பாமலே. "மெதுவாப் பேசு, கீழ எறங்கி வந்துரப் போறாரு."