டாரில் போட்ட சிக்கி

"டாரில் இன்னைக்கும் சிக்கியா?"

லினெட் கேட்டதும் ஆபீசே சிரித்தது.

நியூகாசிலில் அந்த இன்சூரன்ஸ் ஆபீசுக்கு அவள் மேனேஜராக வந்து சில மாதம்தான் ஆகிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே போனில் நாலு இருமல் இருமி லீவு போடுவதற்கு அங்கே 'சிக்கி' என்று பேர். மற்றவர்கள் எப்போதாவது போடுவார்கள். டாரில் மூணு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் போட்டான்.

"கடல்ல இன்னைக்குப் பலகை போட்டுச் சறுக்க அலை பிரமாதம். அதான் அவனுக்கு ஜுரம்" என்றான் பக்கத்து மேஜை மர்ரே.

லினெட்டுக்குச் சுருக்கென்றது. இதைக் கண்டும் காணாமல் விட்டால் எல்லாரும் தலைமேல் ஏறிவிடுவார்கள். ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை டாரில் தொப்பியும் சிரிப்புமாக வந்தான்.

"என்ன மச்சான், அலை எப்படி?" என்றான் மர்ரே.

"ஆளையே புரட்டிப் போட்டுடுச்சுடா."

லினெட் அவனைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இன்னொரு சிக்கி போட்டீங்க, வேலையை மறந்துட வேண்டியதுதான்."

டாரில் தொப்பியைக் கழற்றினான். தலையில் பொட்டு முடிகூட இல்லை.

"கீமோ போயிட்டிருக்கு, லினெட். சர்டிபிகேட் வேணும்னா கொண்டு வந்துடறேன். வெளியில மட்டும் சொல்லிடாதீங்க."

"எதுக்கு மறைக்கணும்? எல்லாரும் ஒத்தாசையா இருப்பாங்களே?"

"அதுக்குத்தான் பயப்படறேன். இப்போ என்னைப் பார்த்தா சிரிக்கிறாங்க. விஷயம் தெரிஞ்சா பாவம்னு பார்ப்பாங்க. எனக்கு அந்தச் சிரிப்பு வேணும்."

லினெட்டுக்கு வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தாள். எல்லார் கண்ணும் அவள் மேல்.

"அடுத்த தடவை அலை நல்லா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போகணும்னு டாரிலுக்கு உத்தரவு போட்டிருக்கேன்" என்றாள் சத்தமாக.

ஆபீஸ் கைதட்டிச் சிரித்தது. டாரிலும்தான்.

சாயங்காலம் அவன் கிளம்பிப் போன பிறகு மர்ரே அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"ரொம்ப தேங்க்ஸ், லினெட். அவனை வேலையை விட்டுத் தூக்கிடுவீங்களோன்னு பயந்துட்டோம். அவனுக்கு நீச்சலே தெரியாது. ஆஸ்பத்திரிக்குத்தான் போறான்னு எங்க எல்லாருக்கும் முதல்லேர்ந்தே தெரியும். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."